இரவல் ஆட்டக்காரி

சனிக்கிழமை என்றால் அடிலெய்டில் தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தூக்கம் கிடையாது. பள்ளிகளுக்கிடையிலான விளையாட்டுச் சங்கத்தின் ஏற்பாடு அப்படி. மழையோ குளிரோ, காலையில் மைதானத்தில் போய் நிற்க வேண்டும். ஆடுகிறவர்கள் ஆடுவார்கள். ஆடக் கொடுத்துவைக்காதவர்கள் பிரிடியைப் போலப் பெஞ்சில் உட்கார்ந்து விரல்களை ஊதிக்கொண்டிருப்பார்கள்.

பிரிடி, லேடி வின்ஃபர்ட் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் நெட்பால் என்கிற வலைப்பந்து அணியில் அவள் எட்டாவது ஆள். களத்தில் ஏழு பேருக்குத்தான் இடம். அந்த ஏழு பேரில் ஒருத்திக்குச் சளிக் காய்ச்சல் வந்தால்கூடப் போதும், பிரிடிக்கு வாய்ப்புக் கிடைத்துவிடும். இந்த வருடம் பாருங்கள், ஒருத்தி தும்மக்கூட இல்லை. எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள்.

"மிஸ், இன்னைக்காவது என்னை இறக்குவீங்களா?" என்று அன்றும் கேட்டாள்.

"பாக்கலாம்" என்றார் பயிற்சியாளர் பார்ஜிட்டர் மிஸ். வாரா வாரம் அதே 'பாக்கலாம்'தான். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு பிரிடிக்குப் புளித்துப் போயிருந்தது.

அன்று எதிரணி, மலைமேல் இருக்கும் ரெட்கம் பிளாட் பள்ளி. சின்னஞ்சிறு பள்ளி அது. ஏழாம் வகுப்பில் இருக்கிற அத்தனை பெண்களையும் சேர்த்தால்தான் ஓர் அணி தேறும். அதிலும் ஒருத்தி, வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் வேனிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். முகம் வெளிறி, நிற்கவே முடியவில்லை. அவர்களுடைய டீச்சர் அவளைக் கைத்தாங்கலாக ஓய்வறைக்குக் கூட்டிப் போனார்.

மிச்சம் ஆறு பேர். சங்கத்தின் விதிப்படி ஏழு பேர் இல்லாத அணி ஆடாமலே தோற்றதாகக் கணக்கு. இந்த மாதிரி மூன்று தடவை ஆகிவிட்டால், அந்த வருடம் முழுக்கப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். ரெட்கம் பிளாட்டுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை ஆகிவிட்டது.

அவர்களுடைய தலைவி மார்னி, பார்ஜிட்டர் மிஸ்ஸிடம் ஓடிவந்தாள். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது.

"மிஸ், உங்க டீம்ல ஒருத்தியை இரவல் குடுப்பீங்களா? ரெண்டு டீமும் ஒத்துக்கிட்டா குடுக்கலாம்னு ரூல் இருக்கு மிஸ். இல்லேன்னா எங்களைத் தூக்கிடுவாங்க."

பார்ஜிட்டர் மிஸ் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பிரிடியைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

"தாராளமா. பிரிடியைக் கூட்டிட்டுப் போ."

"இந்த மேட்ச் கணக்குல சேரும்ல மிஸ்?"

"சேரும், சேரும்" என்று சிரித்தார் மிஸ். அப்புறம் பக்கத்தில் நின்ற சாஸ்கியாவிடம் குனிந்து, மெல்லிய குரலில் சொன்னார். "இவ அங்க போறது, நமக்கு ரெண்டு ஆள் கூடின மாதிரி."

சாஸ்கியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாஸ்கியாவும் பிரிடியும் தினமும் ஒரே ட்ராமில் பள்ளிக்கு வருகிறவர்கள்.

மெல்லிய குரல்தான். ஆனால் பிரிடியின் காதில் விழுந்துவிட்டது. அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. ஒன்றும் கேட்காதவள் போல எழுந்து மார்னியின் பின்னால் நடந்தாள்.

வின்ஃபர்டின் சிவப்புப் பாவாடைக்கு மேலே ரெட்கம் பிளாட்டின் பச்சை மேலங்கியை மாட்டிக்கொண்டாள். கோல் காக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். அவள் தடுக்க வேண்டியது யாரை? வின்ஃபர்டுக்குக் கோல் போடும் சாஸ்கியாவைத்தான்.

"ஏய், வழி மாறி வந்துட்டியாடி? பெஞ்சு அந்தப் பக்கம் இருக்கு" என்றாள் சாஸ்கியா.

விசில் ஒலித்தது.

ஒரு பருவம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை? வின்ஃபர்ட் அணியில் யார் எந்தப் பக்கம் ஓடுவார்கள், யார் யாருக்கு எறிவார்கள் என்பதெல்லாம் பிரிடிக்கு அத்துப்படி. சாஸ்கியா ஓடுவதற்கு முன்னால் ஒரு தடவை தோளைக் குலுக்குவாள். அது சாஸ்கியாவுக்கே தெரியாது. அவள் தோளைக் குலுக்கிய போதெல்லாம் பிரிடி அங்கே போய் நின்றாள். பந்தும் பிரிடியின் கைக்கே வந்து சேர்ந்தது.

"என்னடி இது, ஒட்டுப்புல்லு மாதிரி ஒட்டிக்கிட்டே வர்ற?" என்று எரிந்து விழுந்தாள் சாஸ்கியா.

"நான்தான் ஆட்டத்துக்கே லாயக்கில்லாதவளாச்சே" என்றாள் பிரிடி.

இடைவேளையில் மார்னி ஆரஞ்சுத் துண்டு ஒன்றை அவள் கையில் திணித்தாள். "ஏன் உன்னை ஆட விடமாட்டேங்கறாங்க? உனக்குக் காலில ஏதாவது வலியா?"

"இல்லையே."

"அப்புறம்?"

பிரிடி ஆரஞ்சைத் தோலோடு கடித்துவிட்டாள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தன. வின்ஃபர்டிடம் பந்து. சாஸ்கியாவின் தோள் குலுங்கியது. பிரிடி குறுக்கே பாய்ந்து, பந்தை எட்டிப் பிடித்து, நடுவில் நின்ற மார்னிக்கு எறிந்தாள். மார்னி அடுத்தவளுக்கு எறிந்தாள். அவள் வளையத்துக்குள் போட்டாள். விசில் ஒலித்தது. ஒரே ஒரு கோலில் ரெட்கம் பிளாட் ஜெயித்தது.

ரொட்டிக்குள் சாஸேஜை வைத்துத் தின்றுகொண்டிருந்த வின்ஃபர்ட் அப்பாக்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். மலைப் பள்ளிப் பெண்களோ பிரிடியைத் தூக்கிச் சுற்றினார்கள். வாந்தி எடுத்தவள்கூட எழுந்து வந்து கைதட்டினாள்.

பார்ஜிட்டர் மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. இந்த ஆட்டத்தில் தோற்றதால் வின்ஃபர்ட் இறுதிச் சுற்றுக்குப் போக முடியாது. மனிதர்களுக்குச் சில சமயம் என்ன ஆகிவிடுகிறதோ தெரியவில்லை. அவர் நேராக, சங்கத்தின் சார்பில் ஆட்டங்களை மேற்பார்வை பார்க்கும் லோமக்ஸ் சாரிடம் போனார்.

"ரெட்கம் பிளாட் எங்க பிள்ளையை வெச்சு ஆடியிருக்காங்க. இது கணக்குல சேராது. அவங்ககிட்ட ஆறு பேர்தான் இருந்தாங்க, அதனால தோத்ததாத்தான் எழுதணும்."

மார்னிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மிஸ், நீங்கதானே சேரும்னு சொன்னீங்க?"

"சும்மா விளையாட்டுக்கு ஆடுங்கன்னு சொன்னேன். பாவம், இவ்வளவு தூரம் வந்திருக்காங்களேன்னு."

லோமக்ஸ் சார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கணக்குல சேரும்னு முன்கூட்டியே ஒத்துக்கிட்டிருந்தா ஆட்டம் செல்லும். இல்லேன்னா செல்லாது. இதோட மூணாவது தடவை, ரெட்கம் பிளாட்டை நீக்க வேண்டியதுதான். வேற யாரு கூட இருந்தாங்க?"

எல்லோரும் பிரிடியைப் பார்த்தார்கள்.

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மெய் சொன்னால் திங்கட்கிழமை பள்ளிக்கு எந்த முகத்தோடு போவது?

"சேரும், சேரும்னுதான் சார் சொன்னாங்க" என்றாள்.

பார்ஜிட்டர் மிஸ்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்களே யோசிச்சுப் பாருங்க சார். எங்க பிள்ளையை எதிர் டீமுக்குக் குடுத்துட்டு, கணக்குல சேரட்டும்னு நான் ஏன் சொல்லப்போறேன்? எனக்கென்ன பைத்தியமா?"

"அதுவும் சரிதான்" என்றார் லோமக்ஸ் சார். "ஏம்மா, மிஸ் ஏன் அப்படிச் சொல்லணும்?"

ஏன் என்பது பிரிடிக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சுற்றி இரண்டு அணிப் பெண்களும் நின்றார்கள். வின்ஃபர்ட் அம்மாக்களும் அப்பாக்களும் நின்றார்கள். தன்னைப் பற்றி ஒருத்தர் கேவலமாகப் பேசியதைத் தானே அத்தனை பேர் நடுவில் எடுத்துச் சொல்வது என்றால் சும்மாவா?

மார்னி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். பிரிடி அவளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் அங்க போனா வின்ஃபர்டுக்கு ரெண்டு ஆள் கூடின மாதிரின்னு சொன்னாங்க சார். நான் ஆடினா அவங்க கண்டிப்பா தோத்துடுவாங்கன்னு நினைச்சாங்க. அதனாலதான் சேரும்னாங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்றார் பார்ஜிட்டர் மிஸ்.

"சாஸ்கியாவும் கேட்டா சார்" என்றாள் பிரிடி. "கேட்டு, சிரிச்சா."

லோமக்ஸ் சார் சாஸ்கியாவைப் பார்த்தார். சாஸ்கியா ஷூ நாடாவைப் பார்த்தாள். "எனக்கு ஞாபகம் இல்ல சார்."

மிஸ் சொன்னதைவிட இதுதான் பிரிடிக்கு அதிகமாக வலித்தது.

லோமக்ஸ் சார் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். "நான் நிறைய பிள்ளைங்க நிறையக் கதை விட்டுப் பாத்திருக்கேன். தன்னைப் பத்தி இப்படி ஒரு கதையை எந்தப் பிள்ளையும் இட்டுக்கட்டிச் சொல்லாது. ஆட்டம் செல்லும். ரெட்கம் பிளாட் ஜெயிச்சுது."

பார்ஜிட்டர் மிஸ் விறுவிறுவென்று போய்விட்டார்.

ஆட்டம் முடிந்ததும் தேநீர். எந்தப் பள்ளியின் மைதானமோ, அந்தப் பள்ளிப் பிள்ளைகள்தான் வந்தவர்களை உபசரிக்க வேண்டும். ஒவ்வொருத்தியும் தன்னோடு மோதியவளுக்குத் தன் கையாலேயே தட்டு கொண்டுவர வேண்டும். அடித்துக்கொண்டாலும் பிடித்துக்கொண்டாலும் சங்கத்தில் இந்த வழக்கம் மட்டும் மாறாது.

பிரிடி பச்சை மேலங்கியோடு ரெட்கம் பிளாட் மேசையில் உட்கார்ந்திருந்தாள். சாஸ்கியா தேங்காய்த்தூள் தூவிய கேக்கோடு வந்து தட்டை டொக்கென்று வைத்தாள்.

"நீ கேட்டேல்ல?" என்றாள் பிரிடி.

சாஸ்கியா சுற்றுமுற்றும் பார்த்தாள். "கேட்டேன். சொன்னா அடுத்த வாரம் நானும் பெஞ்சுல உக்காரணும். என்னால முடியாதுடி."

அவள் போய்விட்டாள். பிரிடி கேக்கை ஒரு கடி கடித்துத் தட்டை நகர்த்திவைத்தாள்.

"எங்க ஸ்கூலுக்கே வந்துடேன்" என்றாள் மார்னி. "உனக்குப் பெஞ்சே கிடையாது. எங்ககிட்ட பெஞ்சுல உக்கார ஆளே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பிரிடிக்கும் சிரிப்பு வந்தது. "மலைக்கு எங்க வீட்டுலேர்ந்து பஸ் கிடையாதே" என்றாள்.

ரெட்கம் பிளாட் வேன் கிளம்பிப் போனது. மேலங்கியைக் கழற்றிக் கொடுத்த பிறகு பிரிடிக்குக் குளிர ஆரம்பித்தது. வாசலில் நின்றவளைத் தாண்டிப் போன பார்ஜிட்டர் மிஸ், நடையை நிறுத்தாமலே சொன்னார்.

"திங்கக்கிழமை உன் ஆட்ட உடுப்பைத் துவைச்சுக் கொண்டு வந்து குடுத்துடு. எட்டாவது ஆள் இனிமே வேண்டாம்."

"சரி மிஸ்."

அவர் கார் கண்ணை விட்டு மறையும் வரை பிரிடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மரத்துக்குப் பின்னால் போய் அழுது தீர்த்தாள். நியாயமாகப் பார்த்தால் அழ வேண்டியவள் அவள் இல்லை. ஆனால் அவள்தான் அழுதாள்.

பேக்கரி வேலை முடிந்து அவளைக் கூட்டிப்போக அப்பா வண்டியில் வந்தார். தலைமுடியில் மாவு.

"என்னடா கண்ணு, மூக்கெல்லாம் சிவந்திருக்கு? யாரு ஜெயிச்சா?"

"ரெட்கம் பிளாட்."

"அடடா. தோத்துட்டீங்களா?"

பிரிடி மூக்கைத் துடைத்துக்கொண்டு, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"தோத்தது வின்ஃபர்டுப்பா. நான் முழு மேட்சும் ஆடினேன். நாங்க ஜெயிச்சோம்."