கட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி

குப்பைக்கூடையில் பென்சில் சீவல் கிடந்தது. பூரான் கிடந்திருந்தால்கூட மருந்துக்கடைக்காரர் அவ்வளவு நேரம் குனிந்து பார்த்திருக்க மாட்டார். ஓரத்தில் மஞ்சள் கோடு ஓட, ஓரிடத்திலும் அறுபடாமல், ஒரே சுருளாகச் சீவிய சீவல். அந்த வீட்டில் இப்போது இருப்பது இரண்டு பேர். அவர் பேனாக்காரர். அவர் மனைவி எழுதி வைக்கிற ஜாதி அல்ல. எதுவானாலும் வாயால் சொல்லிவிடுவாள், நாலைந்து முறை. அப்படி அறுபடாமல் சீவத் தெரிந்த ஒரே ஆளை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து இருபது நாள் ஆகிவிட்டது.

அந்த ஆள் மனைவியின் தம்பி. முப்பத்தாறு வயது. ஆட்டிசம் உள்ளவன். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஊர் ஊராக வரைபடங்களைப் பார்த்து, தெருப்பெயர்களில் பிழை இருந்தால் திருத்துவது அவன் வேலை. அவன் திருத்திய தெருவில் யாரும் இதுவரை வழி தவறியதில்லை. வழி தவறியதெல்லாம் அவன் தூக்கம்தான். அது தினமும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். இன்றைக்குப் பத்து மணிக்கு வந்தால் நாளைக்குப் பதினொன்று, மறுநாள் பன்னிரண்டு என்று, பட்டப்பகலையும் விட்டுவைக்காமல் கடிகாரம் முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு, இருபத்தைந்தாம் நாள் ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடி பத்துக்கு வந்து நிற்கும். அவன் அதைச் சுவரில் ஒட்டிய கட்டம் போட்ட காகிதத்தில் குறித்துவைத்தான். ஒரு நாளுக்கு ஒரு வரிசை, ஒரு மணிக்கு ஒரு கட்டம். தூங்கிய கட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்குவான். தூர நின்று பார்த்தால் யாரோ சுவரில் கறுப்புப் படிக்கட்டு கட்டியிருப்பது போலிருக்கும்.

"ஆட்டிசம் இருக்கற பெரியவங்க நிறைய பேருக்குத் தூக்கம் இப்படி நேரம் தவறித்தான் வரும்" என்று டாக்டர் சொன்னார். "வேலை கெடல, உடம்பு கெடல. அப்புறம் என்ன? விட்டுடுங்க."

கெட்டது ஒரே ஒருவருடைய தூக்கம். அதிகாலை மூன்று மணிக்குக் காலுறை போட்ட பாதங்கள் கூடத்தில் மெத்துமெத்தென்று நடக்கும். சமையலறையில் கரண்டிகள் உயர வரிசைப்படி அடுக்கப்படும் ஓசை, ஒன்று, ஒன்று, ஒன்று என்று காதுக்குள் விழும். மருந்துக்கடைக்காரருக்குக் காலை ஏழு மணிக்குக் கடை திறக்க வேண்டும்.

"இந்த வீட்டுல ராத்திரின்னா ராத்திரிடா" என்பார்.

"அது வர்றப்பதான் வரும் அத்தான். கூப்பிட்டா வராது. பஸ் மாதிரி."

"பஸ்ஸுக்கும் டைம் இருக்குடா."

"இந்த ரூட்ல இல்ல அத்தான்."

அவன் கிண்டல் செய்யவில்லை. அவனுக்குக் கிண்டல் செய்யத் தெரியாது. அதுதான் இவருக்கு இன்னும் எரிந்தது.

அன்று முதல் இரவுப்பாலை அவரே ஆற்றிக் கொடுத்தார். டாக்டர் சீட்டு இல்லாமல் பெற்ற தாய்க்கும் தரமாட்டேன் என்று கடையில் சொல்கிற தூக்க மாத்திரையில் அரை, பிறகு ஒன்று, பிறகு இரண்டு. டம்ளரின் அடிப்பாகத்தால் நசுக்கி, கசப்பு தெரியாமலிருக்கச் சர்க்கரை இரண்டு ஸ்பூன். பாலில் ஒருவர் எதையாவது கலப்பார் என்பது அந்த மைத்துனனுக்குத் தோன்றியதே இல்லை. அவனைப் பொறுத்தவரை பால் என்றால் பால்.

படிக்கட்டு நின்றது. கறுப்புக் கட்டங்கள் பத்திலிருந்து ஆறுவரை சிப்பாய்கள் போல ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒரே ஒரு வித்தியாசம்: ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் கடுகளவு வெள்ளைப் புள்ளி விட்டிருந்தான்.

"அது என்னடா புள்ளி?"

"இது தூக்கம் இல்ல அத்தான். கண்ணு மூடிக்குது, உள்ள முழிச்சிருக்கேன். கையத் தூக்க முடியல. கூப்பிட முடியல. ஆனா எல்லாம் கேக்குது. நீங்க கதவைத் திறந்து பாத்துட்டு மூடறீங்களே, அதுகூட."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அன்றிரவு மூன்று மாத்திரை ஆயிற்று. சில நாள் கழித்து ஒரு காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. இதயம் என்று எழுதிக் கொடுத்தார்கள். விளிம்பு நசுங்கிய அந்த டம்ளரை இவர் மூன்று முறை கழுவினார், பிறகு கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டார்.

இப்போது பென்சில் சீவல்.

அவர் மைத்துனனின் அறையைத் திறந்தார். மூடிக்கிடந்த அறையின் புழுக்கத்தில் மரத்தூள் வாசனை வந்தது, யாரோ இப்போதுதான் வேலையை முடித்துவிட்டு எழுந்து போனது போல. சுவரில் காகிதம். கடைசிப் புள்ளி வரிசை அவன் செத்த நாளோடு முடிந்திருந்தது. முடிந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே இருபது வரிசைகள் புதிதாக நிரம்பியிருந்தன.

யாருடைய தூக்கம் இது என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் போன வியாழக்கிழமையில் நின்றார். பிற்பகல் மூன்று மணிக் கட்டத்தில், கால்வாசி மட்டும் கறுப்பு. அந்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு, கடையின் பின்கட்டில், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே, ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவர் கண்ணயர்ந்திருந்தார். கால் மணி நேரம். அங்கே யாருமில்லை. ஷட்டரைக்கூட பாதி இறக்கியிருந்தார்.

காகிதத்தைக் கிழித்தார். எட்டாகக் கிழித்து, பைக்குள் திணித்து, நாலு தெரு தள்ளி இருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலையில் அது சுவரில் இருந்தது. பசை ஈரமாக இருந்தது. இந்த முறை, இன்னும் வராத இரவுக்கான வரிசையும் நிரம்பியிருந்தது. கறுப்பு பதினொன்றில் தொடங்கியது.

அன்றிரவு பத்து மணிக்குப் படுத்தவர் பதினொன்று அடிக்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தது. யாரோ ஸ்விட்சைத் தட்டியது போலத் தூங்கிப்போனார். மறுநாள் பன்னிரண்டு. அதற்கு மறுநாள் ஒன்று.

இரண்டு வாரத்தில் தூக்கம் நடுப்பகலுக்கு வந்து சேர்ந்தது. வெயில் கண்ணாடி அலமாரியில் பட்டுத் தெறிக்க, ஒரு வாடிக்கையாளரின் சீட்டைக் கையில் பிடித்தபடியே மேஜையில் முகம் கவிழ்ந்தார்.

"என்னங்க, சரக்க நீங்களே டேஸ்ட் பாத்துட்டீங்களா?" என்றார் வாடிக்கையாளர், தோளைத் தட்டி.

மருந்துக்கடைக்காரருக்குக் கேட்டது. பதில் சொல்லத்தான் முடியவில்லை.

இரவுகள் முழுக்க விழிப்பு. குழாயில் சொட்டுகிற நீர், ஃபிரிட்ஜின் முனகல், மனைவியின் சீரான மூச்சு, எல்லாம் மணலைப் போல மண்டைக்குள் சரிந்து நிரம்பின. அவள் எழுந்துவிடக்கூடாதென்று காலுறை போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தார். நடந்தால் பின்னாலும் மெத்துமெத்தென்று நடந்தது. நின்றால் அது ஒரு எட்டு கழித்து நின்றது. ஒருநாள் மூன்று மணிக்கு, தாம் சமையலறையில் நின்று கரண்டிகளை உயர வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். வரிசை சரியாகத்தான் இருந்தது.

"தம்பி மாதிரியே ஆயிட்டீங்க" என்றாள் மனைவி காலையில். சிரிக்காமல் சொன்னாள்.

பிறகு அதைவிட மோசமானது நடந்தது. ஒரு நாள் வரிசை வெறுமையாக இருந்தது. இருபத்துநாலு கட்டமும் வெள்ளை. அன்று தூக்கமே வரவில்லை. மறுநாளும் வெள்ளை. மூன்றாம் நாள் சுவருக்கு முன்னால் போய் நின்று, "ஒரு மணி நேரம் போடுடா, ஒரே ஒரு மணி நேரம்" என்று கெஞ்சினார். யாரும் போடவில்லை. பேனாவை எடுத்து அவரே ஒரு கட்டத்தை நிரப்பிப் பார்த்தார். அது நீலமாக இருந்தது. அவ்வளவுதான்.

கடை முழுக்க மாத்திரை இருந்தது. ஒன்றைக்கூட எடுத்து வாயில் போட அவருக்குக் கை வரவில்லை. அவற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

நாலாம் நாள் இரவு. தம்பியின் அறையில் விளக்கு எரிந்தது. மனைவி அவன் நாற்காலியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இந்தப் புள்ளி என்னிக்கு ஆரம்பிச்சதுன்னு பாத்தீங்களா?"

"எந்தப் புள்ளி?"

"நான் பாத்தேன். நீங்க அவனுக்குப் பால் ஆத்திக் குடுக்க ஆரம்பிச்சீங்களே, அன்னிக்கு."

"உனக்குத் தூக்கக் கலக்கம்."

"எனக்கா?" என்றாள். புள்ளி வரிசைமேல் விரலை வைத்து, "அவன் எதையும் தப்பா எழுத மாட்டான்" என்றாள்.

மேஜைமேல் டம்ளர். விளிம்பில் சின்ன நசுங்கல். சாக்கடையில் போட்ட டம்ளர். பால் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"எங்க இருந்தது இது?"

"அலமாரில. எப்பவும் இருக்கற எடத்துல." அதை எடுத்து நீட்டினாள். "தூங்கி எத்தனை நாளாச்சு உங்களுக்கு. குடிங்க. சர்க்கரை ரெண்டு ஸ்பூன் போட்டிருக்கேன்."

"எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

அவர் கதவுப் பக்கம் ஒரு எட்டு நகர்ந்தார்.

"ஏன் வேண்டாம்? பால்தானே."

வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவசரமே இல்லை.

குடித்தார். இனிப்பு. இனிப்புக்கு அடியில், நாக்கின் வேரில், அந்தக் கசப்பு.

அவர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போது சத்தம் கேட்டது. சர். சர். சர்.

அவள் இரண்டு கையும் மடியில் இருந்தன. சுவரில், பென்சில் தனியாக நின்றது. யாரும் பிடிக்கவில்லை. பத்து மணிக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. பொறுமையாக. ஓரம் மீறாமல்.

அவர் விரல்கள் மரத்துப் போயின.

பதினொன்று. முழங்கால் மடங்கியது. அவள் தோளைப் பிடித்து, கட்டிலில் சாய்த்தாள். தம்பியின் கட்டில்.

பன்னிரண்டு. நாக்கு.

ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் பென்சில் ஒரு கணம் தயங்கியது. கடுகளவு இடத்தை விட்டுச் சுற்றிவந்தது. வெள்ளைப் புள்ளி.

ஒன்று. இமை இறங்கியது.

இருட்டு. தூக்கம் இல்லை. இருட்டு மட்டும். மூச்சு எங்கோ தூரத்தில், வேறு யாருடையதோ போல. கத்தினார். வாய் அசையவில்லை. எல்லாம் கேட்டது.

விளக்கை அணைக்கும் சத்தம். கதவு மூடும் சத்தம். சற்றுக் கழித்து மறுபடி திறக்கும் சத்தம்.

"நல்லா தூங்கறீங்க" என்றாள், வாசலில் நின்று. மூடினாள்.

சர். சர். சர்.

விடிந்திருக்க வேண்டும். குருவிகள் கத்தின. யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள், விட்டார்கள். தாளில் பேனா ஓடியது. "இதயம்" என்றது ஒரு குரல். பிறகு, மேலே மண் விழும் சத்தம்.

சர். சர்.

ஒரு வரிசை. அடுத்த வரிசை. அதற்கடுத்தது.

பிறகு ஓசை மாறியது. சொரசொரவென்று. காகிதம் முடிந்துவிட்டது. பென்சில் சுவரில் இறங்கியிருந்தது.

கொஞ்ச நேரம் நின்றது.

காதுக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில், பென்சில் சீவும் சத்தம். ஒரே சுருளாக. அறுபடாமல்.