கையை விடவைக்கும் பெட்டி

குளியலறைக் குழாய் முனகிய பிறகுதான் சுவிட்சு விழுகிறது என்பதைப் பரமேஸ்வரி கவனித்துவிட்டாள். முதலில் ஈரப் பித்தளையை யாரோ இறுக்கிப் பிடித்துத் திருகுவதுபோல ஒரு முனகல். பிறகு நடைவழிச் சுவரிலிருக்கும் பெட்டியில் 'டக்' என்று ஒரு சத்தம். உடனே வீடு இருண்டு, மூன்று வயது சீதாவின் கட்டிலருகே சிவந்திருந்த ஹீட்டர் கம்பி மெல்லக் கறுத்துப்போகும். அந்த நேரங்களில் குளியலறையில் யாரும் இருந்ததில்லை.

எண்பத்து மூன்றாம் வருட மழைக்காலம். மலேசியாவின் கேமரன் மலையில், திரிங்காப்புக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாக அவள் கணவர் சாம்பசிவம் மாற்றலாகி வந்திருந்தார். மத்தியானமே பனி இறங்கிவிடும். சுவர்கள் வியர்க்கும். குளிர் ஏறினால் சீதாவுக்கு இழுப்பு வந்துவிடும். விலா எலும்புகள் உள்வாங்க, மூச்சுக்குத் திணறும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி இருட்டில் பெட்டியைத் தடவித் தடவிக் கைப்பிடியை மேலே தள்ளுவது பரமேஸ்வரிக்கு அன்றாட வேலையாகிவிட்டது.

தோட்டத்து வயர்மேன் செல்லையா வந்தார். வீட்டிலிருந்த எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கினார். பல்புகளைக் கழற்றினார். கையால் சுழற்றும் சோதனைக் கருவியை ஒவ்வொரு லைனிலும் மாட்டிப் பார்த்தார், எங்கும் மின்கசிவில்லை. கடைசியில் பியூஸ்களையும் உருவி வைத்தார். இனி விழவே முடியாது என்றார்.

குழாய் முனகியது.

டக்.

செல்லையா பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சாம்பசிவம் சிரித்தார். "ஈப்போவிலிருந்து வரும்போது உங்க கிராணியம்மா பேயையும் லோரில ஏத்திக்கிட்டு வந்துட்டாங்க போல."

அவர் ஆபீசுக்குப் போனபின் செல்லையா குரலைத் தாழ்த்திச் சொன்னார். முந்தின கிராணி வீட்டில் மாரியம்மா என்றொருத்தி வேலை பார்த்தாளாம். சுடுதண்ணிக் குழாயில் கரண்டு இறங்கியிருந்தது தெரியாமல் ஈரக்கையால் பிடித்துவிட்டாள். வீட்டார் கூடத்தில் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி வற்றிய பிறகுதான் போய்ப் பார்த்தார்களாம்.

"கரண்டு புடிச்சா கை தானா இறுகிடும் கிராணியம்மா. அந்தப் பச்ச வளையல் கைய ரெண்டு பேரு சேந்துதான் பிரிச்சோம். அதுக்கப்புறம்தான் துரை இந்தப் பெட்டிய வைக்கச் சொன்னாரு. புடிச்ச கைய விடவைக்கிறதுக்குத்தான் இது."

உள்ளே சீதா இரும ஆரம்பித்தாள். விசில்போல நீண்டது மூச்சு.

"எம்புள்ளைக்கு அந்த ஹீட்டர் அணையக் கூடாதுண்ணே. பெட்டிய விட்டுட்டு டைரக்ட்டா குடுத்துடுங்க."

"தொழிலாளிங்க லைன் வீடுங்கள்ல நானே அப்படி குடுத்திருக்கேன். இந்த வீட்டுல வேணாம்லா."

அவள் கெஞ்சினாள். பிறகு கிராணி பெயரைச் சொல்லி மிரட்டினாள். செல்லையா அவள் முகத்தைப் பாராமலே இரண்டு தடித்த செம்புக் கம்பிகளை முறுக்கி, பெட்டியைத் தாண்டி நேராக இணைத்துவிட்டுப் படியிறங்கினார்.

விளக்குப் பொருத்தும் வேளை. ஹீட்டர் ஒரே சீராகச் சிவந்திருந்தது. பல நாட்களுக்குப் பிறகு சீதா இரைப்பில்லாமல் தூங்கினாள். ஆபீசிலிருந்து வந்த சாம்பசிவம் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி குளிக்கப் போனார். வாடவைத்த தேயிலையின் பச்சை வாடை ஆலையிலிருந்து ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. பரமேஸ்வரி பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தாள்.

குழாய் முனகியது.

அவள் காத்திருந்தாள்.

'டக்' வரவில்லை.

பாட்டு நின்றிருந்தது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. பல்பு ஒருமுறை மங்கி, மறுபடி தெளிந்தது. தேயிலை வாடைக்குள் வேறொரு வாடை. ஈரமுடி கருகும் வாடை.

"என்னங்க."

தண்ணீர்.

"என்னங்க."

நடைவழிக்கு ஓடினாள். பெட்டியின் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். டக். விளக்கு அணையாமல் எரிந்தது. மேலே தள்ளி மறுபடி இழுத்தாள். டக். எரிந்தது. நகம் பிய்ந்தது. டக். டக்.

எரிந்தது.

குளியலறைக் கதவு தானாக அகன்றது. சாம்பசிவம் குழாயைப் பிடித்தபடி நின்றார். கண்கள் அவளையே பார்த்தன. தாடை மட்டும் துடித்தது. அவர் விரல்களின் மேல், வெளுத்து ஊறிய ஐந்து விரல்கள் இறுகப் பொத்தியிருந்தன. பச்சைக் கண்ணாடி வளையல்கள் பித்தளையில் மோதி விடாமல் கிலுங்கின.

அறையில், ஹீட்டரின் கதகதப்பில், சீதா நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.