பதினோராம் படுக்கையின் பெயரில்

காலை ஏழரைக்கு வார்டுக்குள் நுழைந்த நர்ஸ், முதலில் பதினோராம் படுக்கையைத்தான் பார்த்தாள். புதிதாக வந்த ஒரு பாட்டி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அப்பாடா என்றிருந்தது. ஆறு வாரமாக நர்ஸுக்குத் தினமும் இப்படிப் பார்ப்பதே பிழைப்பு.

முன்பு அதில் கிடந்தவள், ரத்தத்தில் தொற்றும் நோயோடு வந்தவள். அவளுக்கு ரத்தம் எடுத்த ஊசிக்கு, கூடவே கூடாது என்று தெரிந்தும், பழக்க தோஷத்தில் இவள் மூடி போடப்போனாள். நறுக்கென்று விரலில் ஏறிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தவள், மெல்லச் சிரித்தாள்.

"இனி உனக்கும் எனக்கும் ஒரே ரத்தம், சிஸ்டர்."

அன்று சாயங்காலமே அவள் செத்துப்போனாள்.

நர்ஸ் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் தலைமை நர்ஸ் மானத்தை வாங்கிவிடுவாள். வீட்டில் தட்டு, டம்ளரைக்கூடத் தனியாக வைத்துவிடுவார்கள். பால் வற்றிவிட்டது என்று மாமியாரிடம் புளுகி, ஐந்து மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால் பழக்கினாள். மார்பு கட்டிக்கொண்டு உயிர் போகும். குளியலறையில் பீய்ச்சிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள்.

ஆறு வாரமாவது போனால்தான் சோதனையில் தெரியும் என்று காத்திருந்து, முந்தாநாள் தன் ரத்தத்தைத் தானே எடுத்தாள். தன் பெயரைப் போட்டால் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிடுமே! குப்பியில் செத்தவளின் பெயரை ஒட்டி லேபுக்கு அனுப்பினாள்.

இன்று மதியம் லேப்காரர் போன் செய்தார்.

"ஒண்ணுமே இல்ல சிஸ்டர். சுத்தமான ரத்தம்."

இன்றைக்கே குழந்தைக்குப் பால் கொடுத்துவிடலாம்.

"நானே வந்து ரிப்போர்ட்டை வாங்கிக்கிறேன்ணே."

"அந்தம்மாவே வந்து வாங்கிட்டாங்களே. மாஸ்க் போட்டுக்கிட்டு வந்தாங்க. உங்க வீட்டுக்குத்தான் போறேன்னு சொன்னாங்க."

அவள் ஓடினாள்.

வீட்டு வாசலிலேயே பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. மாமியார் குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பதானே பால் குடுத்துட்டு உள்ள போனே? எப்ப வெளிய வந்தே?"

"யாரு அத்தை?"

"யாரா? மாஸ்க்கைக்கூடக் கழட்டாம உக்காந்து குடுத்தியே. பால் வத்திடுச்சுன்னு என்கிட்டயே பொய் சொல்லிருக்கே பாரு. புள்ள வயிறு முட்டக் குடிச்சிடுச்சு."

நர்ஸ் குழந்தையைப் பிடுங்கி, கவிழ்த்துப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டாள். அது வீரிட்டது. ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

"அடிப்பாவி, என்னடி பண்றே!"

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது. மூடிய கதவின் பக்கம் தலையைத் திருப்பி, வாயைச் சப்புக்கொட்டியது.