சத்தம் புகாத அறை

போன் அடித்தது.

பொறியாளர் அப்போதுதான் ஜீப்பில் ஏறியிருந்தாள். மடியில் பை. பைக்குள் சத்தத்தை அளக்கும் ஒலிமானி.

தெரியாத எண்.

“மேடம்... எங்க ஊர்ப் படிப்பகத்தைப் பார்க்க இன்னிக்கு வர்றது நீங்கதானே?”

பெண் குரல். அழுது ஓய்ந்த குரல்.

“ஆமா. நீங்க யாரு?”

“அங்க செத்துக் கெடந்தாரே சூப்பர்வைசர்... அவரோட சம்சாரம்.”

பொறியாளர் ஜீப்பின் கதவைச் சாத்தினாள். கிளம்பலாம் என்று டிரைவருக்குக் கை காட்டினாள்.

“கேள்விப்பட்டேன்மா. உள்ளே படுத்துத் தூங்கிட்டாரு, ஜெனரேட்டர் புகை வந்துருச்சுன்னு...”

“அவரு தூங்கலை மேடம்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“ஓடுதளத்தை ரிப்பேருக்கு மூடினதுலேர்ந்து எங்க ஊர்ல யாருக்குமே தூக்கம் இல்ல. பொறந்ததுலேர்ந்து விமானச் சத்தத்துலயே தூங்கினவங்க நாங்க. மிக்ஸியையாவது போட்டு விடுடி, கண்ணை மூடிப் பார்க்கிறேன்னு கெஞ்சின மனுஷன் அவரு. அவரு போய்ச் சத்தமே இல்லாத அறையைத் தேடிப் படுப்பாரா?”



“போலீஸ்ல சொன்னீங்களா?”

“சொன்னேன். சிரிச்சாங்க.”

ஒரு விசும்பல்.

“மேடம் வரட்டும், எல்லாத்தையும் சொல்லிடறேன்னுட்டு இருந்தாரு. மறுநாளே... இருங்க, யாரோ வர்றாங்க. நேர்ல சொல்றேன்.”

போன் துண்டிக்கப்பட்டது.

படைத்தளங்களை ஒட்டிய ஊர்களுக்கு அரசு மானியம் தருகிறது. தலைக்கு மேல் போர் விமானங்கள் பறப்பதைச் சகித்துக்கொள்வதற்கு ஒரு கைம்மாறு. படிப்பகம், மருத்துவமனை, சாலை, குடிநீர்த் தொட்டி... கட்டி முடித்ததும் துறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் மிச்சப் பணம் வரும். அடுத்த மானியத்துக்கும் வழி திறக்கும்.

அந்த ஒருவர்தான் இவள்.

“போன்ல யாரு மேடம்?” என்றார் டிரைவர்.

“நமக்கு வேலை வைக்கிற ஆளு அண்ணே. கொஞ்சம் வேகமாப் போங்க.”

* * *

ஊர் படைத்தளத்தின் முள்வேலியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கிடந்தது. ஓடுதளத்தில் தார் உருட்டும் இயந்திரங்கள் மட்டும் ஊர்ந்தன. வானம் காலி.

ஊராட்சித் தலைவர் வாசலுக்கே வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர். அளவான சிரிப்பு. பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்தி, ஒரு கையை உயர்த்தி, வானத்தைப் பார்த்து, பிறகு தொடர்ந்தார். விமானம் பறக்காத நாளிலும் அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

“வாங்க மேடம். இந்தக் கட்டடத்துக்காக நான் ஏறாத ஆபீஸ் இல்ல. எங்க பிள்ளைங்க பாடத்துல பாதியைக் காதால கேட்டதே கிடையாது. வாத்தியார் வாய் அசையறதைப் பார்த்துத்தான் பாஸ் பண்ணாங்க.”

பின்னால் காண்ட்ராக்டர் நின்றிருந்தான். குண்டு மனிதன். கைக்குட்டை முழுக்க நனைந்திருந்தது.

“மேடத்துக்கு முதல்ல ஜூஸ் சொல்லவா?”

“வேண்டாம். அறையைக் காட்டுங்க.”

வெளியே பெரிய ஹால். வரிசையாக நாற்காலிகள். ஹாலின் கோடியில் கனத்த கதவு. அதற்குள்தான் அந்த அறை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக, சத்தம் புகாதபடி கட்டப்பட்ட அறை. ஜன்னல் கிடையாது. காற்று வர, பின்சுவரின் மேலே ஒரு குழாய். கதவில் ஹால் பக்கம் மட்டும் ஒரு தாழ்ப்பாள்.

“வெளியில எதுக்குத் தாழ்ப்பாள்?”

“சாமான் வைச்சிருந்தோம் மேடம்” என்றான் காண்ட்ராக்டர் அவசரமாக. “டெஸ்ட் எல்லாம் எதுக்கு? தலைவரே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு...”

“ஏன்யா தடுக்கிற?” என்று அதட்டினார் தலைவர். “பார்க்கட்டும். வெளியில குண்டே வெடிச்சாலும் உள்ள கேட்காது.”

டிரைவர் ஹாலில் ஒலிபெருக்கியை வைத்து அலற விட்டார். பொறியாளர் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒலிமானியைப் பிடித்தாள். பார்த்தாள். சுவரை விரல் முட்டியால் தட்டினாள். நாற்காலியில் ஏறிக் காற்றுக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

வெளியே வந்தபோது அவள் முகத்தில் எதுவும் இல்லை.

“என்ன மேடம், திருப்திதானே?” என்றார் தலைவர்.

“இன்னும் கொஞ்சம் பார்க்கணும்.”

ஹால் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் தையல் அளவு நாடா தொங்கியது. போனில் பேசியவள்தான். பொறியாளரைப் பார்த்ததும் ஒரு அடி முன்னால் வந்தாள்.

தலைவரின் சிரிப்பு நின்றது.

“நீ எதுக்கும்மா இங்க? வீட்டுக்குப் போ. யோவ் காண்ட்ராக்டர், டிரைவரைக் கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடு. இந்தம்மாவையும் அப்படியே வீட்ல விட்டுட்டு வா. மேடத்துக்கிட்ட நான் தனியாப் பேசணும்.”

டிரைவர் தயங்கினார். பொறியாளர் தலையசைத்தாள்.

“போங்க அண்ணே. சீக்கிரம் வந்துடுங்க.”

மூவரும் போனார்கள். ஹால் வெறிச்சோடியது.

“உள்ள உட்கார்ந்து பேசலாமா மேடம்?”

காற்றுக் குழாயை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. போனாள்.

அதுதான் தப்பு.

கதவு சாத்தப்பட்டது. திரும்பினாள். தலைவர் கதவில் சாய்ந்து நின்றார். மேஜை மேல் அவள் வைத்த போன் அவர் சட்டைப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது. மூலையில் சாய்த்து வைத்திருந்த இரும்புக் கம்பி அவர் கைக்கு வந்திருந்தது.

“உட்காருங்க.”

“போனைக் குடுங்க.”

“கையெழுத்தைக் குடுங்க.”

அவள் உட்காரவில்லை. நான்கு சுவர். ஒரு கதவு. அந்த ஒரு கதவிலும் அவர்.  கத்தலாம். யார் வருவார்கள்? டீக்கடை தெருக்கோடியில். ஹாலில் ஈ, காக்கை இல்லை.

பேச வேண்டும். இந்த ஆளைப் பேச வைக்க வேண்டும். டிரைவர் திரும்பும் வரையாவது.

“காத்துக் குழாய்க்குள்ள கரி படிஞ்சிருக்கு” என்றாள். வேண்டுமென்றே உரத்த குரலில். “காத்து அடிச்சு வந்த புகை அப்படி ஒரு பக்கமாப் படியாது. ஜெனரேட்டர்லேர்ந்து ஒரு ரப்பர் குழாயை இதுல சொருகியிருக்காங்க. சூப்பர்வைசர் தானாச் சாகலை.”

தலைவர் அவளைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

“எதுக்கு மேடம் தொண்டையைக் கிழிச்சுக்கறீங்க? இங்க நீங்க செத்த பிறகு ஆவியாக் கத்தினாலும் வெளியில கேட்காது.”

“அப்போ சொல்றதுக்கு என்ன பயம்? யார் சொருகினது?”

“நான்தான்.”

அவ்வளவு சாதாரணமாக வந்தது அந்த வார்த்தை. 

“ஏன்?”

“கொத்தனார் மட்டம் பார்க்கிற ரசமட்டம்தான் அவனுக்குப் பட்டப்பேர். எங்க ஒரு நூல் கோணினாலும் கண்டுபிடிச்சிடுவான். அஸ்திவாரத்துக்கு வந்த கம்பில பாதி என் வீட்டு மாடிக்குப் போயிடுச்சு. அதைக் கண்டுபிடிச்சிட்டான். கட்டடத்துல நடந்திருக்கிற திருட்டை மேடம்கிட்ட சொல்லப் போறேன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொன்னான்.”

“கம்பிக்காக ஒரு உயிரா?”

“கம்பிக்காக இல்ல!” முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. “நீங்க ஒரு கோடு இழுத்தா இந்த ஊருக்கு அடுத்த மானியம் நின்னுடும். ஆஸ்பத்திரி வராது. என் பேரு நாறிடும். இருபது வருஷமா ஊர் என்னைக் கும்பிடுது மேடம். அதை ஒரு சூப்பர்வைசருக்காக விட முடியுமா?”

“என்ன பண்ணீங்க?”

“உள்ள ஒரு விரிசல் இருக்கு, வந்து பாருன்னு கூப்பிட்டேன். வந்தான். தாழ்ப்பாள் போட்டுட்டுப் பின்னாடி போய் ஜெனரேட்டரை ஓட விட்டேன். பக்கத்துலயேதான் நின்னேன். கதவைத் தட்டியிருப்பான். கத்தியிருப்பான். எனக்கு ஒண்ணுமே கேட்கலை. அவ்வளவு அருமையான அறை!”

பொறியாளர் கண்ணை மூடித் திறந்தாள்.

“ஒரே அறையில ரெண்டாவது சாவு. யாரும் நம்ப மாட்டாங்க.”

“நம்புவாங்க. அறைக்கு ஏற்கெனவே கெட்ட பேரு இருக்கு. எச்சரிச்சும் கேட்காம மேடம் உள்ள போனாங்கன்னு நானே அழுவேன். கடைசியாக் கேட்கிறேன். கையெழுத்தா, புகையா?”

கையெழுத்துப் போட்டாலும் இவர் விட மாட்டார். இவ்வளவையும் கேட்டவளை எந்த முட்டாள் விடுவான்?

“போட மாட்டேன்.”

“உங்க இஷ்டம்.”

அவர் கதவின் கைப்பிடியைத் திருப்பினார். இழுத்தார்.

கதவு வரவில்லை.

கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார்.

ம்ஹூம்.

“இழுக்காதீங்க தலைவரே” என்றது ஒரு பெண் குரல். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. பக்கத்தில் நின்று பேசுவது போல அத்தனை தெளிவாக. “தாழ்ப்பாள் போட்டிருக்கேன். நீங்க வந்து ஜெனரேட்டரைத் தொடக் கூடாதில்ல. எஸ்.ஐ. வந்துட்டிருக்காரு. அதுவரைக்கும் உள்ளயே இருங்க.”

தலைவர் கையை நெருப்பில் வைத்தவர் போல எடுத்தார்.

“எ... எப்படிக் கேட்குது?”

பொறியாளர் சுவரைத் தட்டினாள். தகர டப்பா போல ஒலித்தது.

“காலி. ரெண்டு பலகை, நடுவுல வெறும் காத்து. சத்தத்தைத் தடுக்கிற பஞ்சு ஒரு கைப்பிடிகூட இல்ல. டெஸ்ட்ல முதல் நிமிஷமே தெரிஞ்சு போச்சு. வெளியில யாராவது இருந்தாக் கேட்கும்னுதான் உங்களைப் பேச விட்டேன். இருப்பாங்களான்னுதான் தெரியலை.”

“இருக்கோம் மேடம்” என்றார் டிரைவர் வெளியிலிருந்து. “டீக்கடை வரைக்கும் போகவே இல்ல. இந்தம்மா பாதி வழியிலயே திரும்பிட்டாங்க. நானும் காண்ட்ராக்டரும் பின்னாடியே வந்துட்டோம்.”

“அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே கேட்கலையே...” தலைவர் முனகினார்.

“ஜெனரேட்டர் பக்கத்துல நின்னா இடி விழுந்தாலும் கேட்காது.”

வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“தலைவரே...” காண்ட்ராக்டரின் குரல். “பஞ்சு விஷயத்தை உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். சொன்னா அதுலயும் பங்கு கேட்பீங்களேன்னுதான்... விமானம் திரும்பப் பறக்கறதுக்குள்ள கையெழுத்து வாங்கிட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். சத்தியமாக் கொலை எனக்குத் தெரியாது.”

தலைவரின் முகம் கறுத்தது. கம்பியை ஓங்கினார். பொறியாளர் சுவரோரம் ஒண்டினாள். போக வேறு இடம் இல்லை. ஆனால் கண்ணை மட்டும் அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

“அடிங்க. அந்தச் சத்தமும் வெளியில கேட்கும்.”

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

“தலைவரே, ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் தையற்காரி. “உங்க கம்பிக் கதை எங்க வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. இந்தச் சுவரைப் பத்தித்தான் மேடத்துக்கிட்ட சொல்ல இருந்தாரு. ராத்திரி பூரா என்கிட்ட அதைத்தான் புலம்பினாரு. தலைவர் பாவம், ஊருக்காக அலைஞ்சு வாங்கின மானியம், காண்ட்ராக்டர் அவரையும் சேர்த்து ஏமாத்திட்டான்... அவர்கிட்டயும் காதுல போட்டு வைக்கணும்னாரு. போட்டாரு. நீங்க அவரைக் கொன்னுட்டீங்க.”

கம்பி தரையில் விழுந்து உருண்டது.

தலைவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பழக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. விமானம் போகட்டும் என்று காத்திருப்பது போல. விமானம் எதுவும் வரவில்லை. வெளியே ஒரு பெண் வாய்விட்டு அழுவது மட்டும் கேட்டது.

எஸ்.ஐ. வந்துதான் கதவைத் திறந்தார். முதலில் தலைவர் போனார், தலையைத் தூக்காமல். பொறியாளர் வெளியே வந்து தையற்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.   

அடுத்து காண்ட்ராக்டரைப் பிடித்துப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது அவன் திரும்பிப் பார்த்தான்.

“மேடம், ஒரு நிமிஷம். நான் ஒழுங்காக் கட்டியிருந்தா நீங்க இன்னிக்கு உயிரோட இருந்திருக்க மாட்டீங்க. ரிப்போர்ட்ல அதைக் கொஞ்சம் பார்த்து எழுதுங்க.”

பொறியாளர் பேனா மூடியைத் திறந்தாள்.

“எழுதறேன். ‘வேலை படு மோசம். மிக்க நன்றி.’”