செம்பரம்பாக்கத்திலிருந்து ஹலோ

பட்டியலில் ஒரு கிடங்கு அதிகமாக இருந்தது.

பாரிவாக்கத்து ஃபிளாட்டில், சாயங்கால மழை ஜன்னல் கம்பியில் சொட்டிக்கொண்டிருக்க, கம்பெனியின் கிடங்குகளை இணைக்கும் ரவுட்டர்களை வீட்டிலிருந்தே சரிபார்த்துக்கொண்டிருந்த ஸ்வாதிக்கு, அடுப்பில் பொங்கும் பால் வாசத்தையும் மீறி ஏரிப் பாசி வாடை அடித்தது. செம்பரம்பாக்கம் கிடங்கு உயிரோடு இருப்பதாகத் திரை காட்டியது. வெள்ளம் புகுந்து, வாட்ச்மேன் செங்கல்வராயன் உள்ளேயே செத்துப்போன பிறகு, கரன்ட்டையும் லைனையும் பிடுங்கிவிட்டுப் பூட்டிய கிடங்கு அது.

இந்த மாதிரி லைனில் எல்லாருக்கும் பொதுவாகக் கூவி யாரையும் கூப்பிட முடியாது. அடுத்த ரவுட்டரின் முகவரியை ஒரு மனுஷன் கையால் எழுதிக் கொடுத்தால்தான் அதற்கு 'இருக்கியா?' என்று ஒரு ஹலோ போகும். பதில் ஹலோ வந்தால்தான் உறவு. ஸ்வாதி எழுதவில்லை. அப்படியென்றால் யார்?

டொக்.

வாசல் கதவு. ஓட்டை வழியாகப் பார்த்தாள். யாருமில்லை. வெளியே தரை மட்டும் ஈரமாக இருந்தது.

திரும்பி வந்து, கிடங்கு ரவுட்டரில் யார் கைவைத்தது என்று தேடினாள். பிரசன்னா. இன்று மத்தியானம்தான். தன் வீட்டு ரவுட்டரின் முகவரியை அழித்துவிட்டு ஸ்வாதி வீட்டு ரவுட்டரின் முகவரியை எழுதியிருந்தான். ஒரே டீம். கூடப் பிறக்காத அண்ணன் என்று நம்பியிருந்தாள். ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் கண் குழிந்து கிடந்தவன், இன்று போனில் எவ்வளவு கலகலப்பு! "பாப்பாகிட்ட குடு" என்று சொல்லி, மகள் வர்ஷாவோடு வெகுநேரம் கொஞ்சினானே. ஸ்வாதி அவனுக்கு போன் போட்டாள்.

"அண்ணா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கதவ தட்டிக்கினே கீது ஸ்வாதி. அதுக்கு யாராச்சும் ஒருத்தர் வோணும். என் ஊட்ல கொழந்த கீது..."

"என் வீட்ல இல்லையா? பாவி!"

கட் ஆனது.

முகவரியை அழிக்கப் பார்த்தாள். கிடங்கு ரவுட்டர் அவளை உள்ளே விடவில்லை.

டொக்.

பதில் போகாதவரை ஒன்றும் ஆகாது. கதவைத் திறக்கக் கூடாது. பேசக் கூடாது. மூச்சுகூட விடக் கூடாது.

டொக்.

டொக்.

இரண்டாவது, உள்ளேயிருந்து.

ஹாலுக்கு ஓடினாள். வர்ஷா கதவோரம், கை மடக்கியபடி.

"தட்டினா திருப்பித் தட்டணும்னு பிரசன்னா மாமா சொன்னாரும்மா."

கதவடி இடுக்கில் பாசித் தண்ணீர். அதில் வீங்கிய ஐந்து விரல்கள், குழந்தையின் கொலுசைத் தடவிக்கொண்டிருந்தன.