ஜெயகரன் குடிப்பதில்லை

தங்கச் சுரங்க மில்லின் இரும்பு உலக்கைகள் ஞாயிறென்றும் பாராமல் கல்லை இடித்துக்கொண்டிருக்க, ஆராதனை முடிந்து சபையாரோடு நேரான பாதையில் வந்த ஜெயகரனின் இடது கால், வைக்க நினைத்த இடத்துக்கு அரை அடி தள்ளிப் போய் விழுந்தது. சாராயத்தை நாவால் தொட்டறியாதவன், பட்டப்பகலில், வேலிக்காலைக் கட்டிப்பிடித்து நின்றான். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். மானம் கப்பலேறிவிட்டது.

சபை மூப்பர் ஏசுபாதம் விடவில்லை. கையோடு டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டர் அவனை நடக்கவிட்டுப் பார்த்தார். நடுங்கும் விரல்களைப் பார்த்தார். ஈறுகளை அமுக்கிப் பார்த்தார்.

"தள்ளாட்டம் குடியால மட்டும் வர்றதில்லப்பா. மண்டையில அடிபட்டாலும் வரும். பாதரசப் புகை உள்ள போனாலும் வரும். மில்லுல காய்ச்சுற எடத்துலயா இருக்கே?"

"இல்லீங்க. தகடு சுரண்டுறேன். காய்ச்சறது தொரைங்க மட்டும்தான்."

"வேற எங்கனா அந்தப் புகைய மோந்தியா? உண்மையச் சொல்லு. இப்ப நிறுத்தினா பொழச்சுக்கலாம்."

பாதரசமும் தங்கமும் கலந்த களிம்பைத் தகட்டிலிருந்து சுரண்டும்போது, சுண்டைக்காய் அளவு வெற்றிலைப் பையில் ஒளித்து வந்து, வாரம் இருமுறை வீட்டு அடுப்பில் காய்ச்சுகிறவன் ஜெயகரன். பாதரசம் புகையாகிவிடும், தங்கம் சட்டியின் அடியில் நிற்கும். அக்கம்பக்கத்தார் கண்ணில் படக்கூடாதே என்று கதவையும் சன்னலையும் இறுகச் சாத்திக்கொள்வான். அதை எந்த வாயால் சொல்வது? அதுவும் மூப்பர் முன்னால்? திருடன் என்பதற்குக் குடிகாரன் தேவலை.

"குடிக்கிறேங்க," என்றான்.

"இன்னாடா ஜெயகரா இது," என்று ஏசுபாதம் கண்கலங்கினார்.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே வெக்கை. நாக்கில் செம்புக் காசை வைத்தாற்போல் ஒரு சுவை. மனைவி லூயிசா சோறு பரிமாறினாள். பாதி தட்டில் விழுந்தது, பாதி தரையில்.

"வாங்க... ஜெ... ஜெபம் பண்ணிட்டு சாப்பிடலாம்," என்றாள். நாக்கு குழறியது. களைப்பு போல, என்று நினைத்துக்கொண்டான்.

மகளும் சேர, மூவரும் எழுந்து நின்றார்கள். அவன் ஜெபத்தைத் தொடங்கினான். பாதியில் ஏதோ உரசும் சத்தம். சேலை. பிறகு பாதம். மறுபடியும் பாதம்.

கண்ணைத் திறந்தான்.

லூயிசா கைகூப்பி, கண்மூடி நின்றாள். பக்கத்தில் ஐந்து வயது மகள் நேசமணி. தாய் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தாள். மகள் வலப்பக்கம். நிமிர்ந்தார்கள். மறுபடி சாய்ந்தார்கள். கூப்பிய பிஞ்சு விரல்கள் நடுங்கின. இரண்டு முகங்களிலும் அமைதி. தாங்கள் ஆடுவது தெரியாமலே, அவன் ஆமென் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.