படத்தில் வராதவள்

முப்பது வருஷத்துக்கு முன்பே காய்ந்துபோன சிவப்பு, லாமிலேயின் விரலில் ஒட்டிக்கொண்டது.

முகர்ந்து பார்த்தாள். மண்ணெண்ணெய் கலந்த பெயின்ட் வாடை, புத்தம் புதுசாக. சுவரில் தொங்கிய சினிமா போஸ்டர் பழசுதான். இரண்டு மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த துணி, ஓரமெல்லாம் எலி கடித்திருந்தது. நடுவே பெரிதாக ஒரு பெண்ணின் முகம். கீழுதட்டைத் தாண்டி இறங்கும் இரண்டு கோரைப் பற்கள். மோவாயில் வழியும் ரத்தம். பற்களையும் ரத்தத்தையும் நீக்கிவிட்டால் அது அவளுடைய அம்மா ஷோர்மே.

"அதுக்குள்ள பெயின்ட் வச்சுட்டீங்களா, அங்கிள்?"

"பிரஷ்ஷே இன்னும் நனைக்கல" என்றார் ஒகான்டே, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே. அந்தப் போஸ்டரை வரைந்தவர் அவர்தான். "ஒரு கென்கே உருண்டை தின்னுட்டு ஆரம்பிக்கிறேன்னேன். விட்டியா நீ?"

லாமிலே விரலைச் சுவரில் தேய்த்தாள்.

சனிக்கிழமை அம்மாவுக்குச் சாவுச் சடங்கு. அம்மா செத்தபோது யாரும் செய்ய விடாததை இப்போது செய்கிறாள். அக்ராவில் செத்தவரின் முகத்தை அச்சடித்துத் தெருத்தெருவாக ஒட்டாமல் யாருக்குச் சடங்கு நடந்திருக்கிறது? ஆனால் அம்மாவின் போட்டோக்களை எல்லாம் அப்பா எரித்துவிட்டார். உலகத்தில் மிச்சமிருந்த ஒரே முகம் இந்தச் சாக்கில்தான் இருந்தது. இதைத் தேடித்தான் சலூன் சலூனாக அலைந்து பழைய போஸ்டர்களை வாங்கிக் குவித்தாள். விற்றவர்கள் ஆளுக்கொரு நினைவையும் இலவசமாகக் கொடுத்தார்கள். இதன் அடியில்தான் என் மனைவியை முதலில் பார்த்தேன் என்றான் ஒருவன். இதைப் பார்த்துப் பயந்து அண்ணன் மடியில் ஒளிந்தேன் என்றான் இன்னொருவன்.

இதை விற்ற சலூன்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "படத்துல சூனியக்காரி வரவே இல்லம்மா. 'போஸ்டர்ல காட்டினியே, எங்கடா அவ?'ன்னு பெஞ்ச உடைச்சோம். படம் போட்ட வீடியோக்காரன் பயந்துட்டான். பின்கதவத் தொறந்து, 'அந்தா இருக்கா, பிடிச்சுக்கோங்க'ன்னான். கடல் வரைக்கும் துரத்தினோம். டிக்கெட் காசு அன்னைக்குத்தான் செரிச்சுது."

யாருடைய மகளிடம் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. அவள் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்பு கொதிக்கிற எண்ணெயாக அவள் தொண்டையிலேயே நின்றது.

வீடியோக்காரன் அவளுடைய அப்பா. ஒகான்டே இப்போது குடியிருக்கும் இந்த அறையில்தான் அம்மா அன்று மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பின்கதவு அதோ, போஸ்டருக்குப் பக்கத்தில். அதற்கு அப்பால் பூட்டிக் கிடக்கும் வீடியோ கொட்டகை.

"நீங்க அந்தப் படத்தப் பார்த்தீங்களா?"

"எந்தப் பெயின்டர் படம் பார்த்துட்டு வரைஞ்சான்? கேசட் அட்டையக் காட்டுவாங்க. உங்கப்பன் அதுகூடக் காட்டல. ஒரு போட்டோவக் கொடுத்து, 'இந்த மூஞ்சிக்குப் பல்லு வை, கூட்டம் வரும்'னான். வச்சேன்."

"எங்கம்மான்னு தெரிஞ்சேவா?"

"யார் மூஞ்சியத்தான் நான் வைக்கல? என் மாமியார ரெண்டு தடவ பாம்பா வரைஞ்சிருக்கேன்."

"உங்க மாமியார யாரும் கடல்ல தள்ளல."

அவர் ஸ்டூலை விட்டு எழுந்து பிரஷ்ஷை எடுத்தார்.

"பல்ல எடுங்க" என்றாள்.

பழுப்பும் மஞ்சளும் குழைத்து முதல் பல்லை அவர் மூடினார். அது மறைந்ததும் கதவுக்கு அப்பால் ஏதோ இழுபட்டது. மரம் சிமென்டில் உரசும் சத்தம். எலி என்று நினைத்தாள். எலி பெஞ்சை இழுக்குமா? வெளியே மாலை வெளிச்சம் செம்புழுதியில் மங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே புழுதியோடு கருவாட்டு வாடை வந்தது. அதற்குள்ளிருந்து மெல்ல மெல்ல பெட்ரோல் புகையின் வாடை. எங்கோ ஒரு ஜெனரேட்டர் இருமி, திணறி, ஓட ஆரம்பித்தது.

"கொட்டகையில யாரு?"

"யாருமில்ல. கூரையே விழுந்துபோச்சு."

இரண்டாவது பல்லும் மறைந்தது. அவர் ரத்தத்தை மூடத் தொடங்கினார். லாமிலேயின் நாக்கில் உப்பாக, இரும்பாக ஒரு சுவை ஊறியது. உதட்டின் உட்புறம் எதுவோ குத்தியது.

கதவுக்குப் பின்னால் விசில். கால்களைத் தரையில் தட்டும் ஓசை. ஒரு சிரிப்பு. அது சலூன்காரனின் சிரிப்பு.

ஓடிவிட வேண்டும் என்றது உடம்பு. ஆனால் எதிரே, சாக்கில், அம்மா வந்துகொண்டிருந்தாள். மோவாயில் கடைசித் துளி மறைந்தபோது அந்த உதடுகள் சேர்ந்து, மகளைச் சாப்பிடக் கூப்பிடப் போகிறவளைப் போல இருந்தன. இத்தனை அழகையா துரத்தினார்கள்? அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தொண்டையில் நின்ற கொதிப்பு மேலேறித் தாடைக்குள் புகுந்து, எலும்பை நெட்டித் தள்ளியது.

கரண்ட் போனது.

ஒகான்டே விளக்கைக் கொளுத்தினார். "நல்லா வந்திருக்கா, பாரு" என்று திரும்பி, அவள் முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

பிரஷ் கீழே விழுந்தது.

"நான் எடுத்துட்டேனே" என்றார். "எடுத்துட்டேனேம்மா."

அவர் சுவரோடு ஒட்டி நகர்ந்தார். விளக்கு ஆடியது. கதவு அதிர்ந்தது. கொட்டகைக்குள்ளே நூறு தொண்டைகள்.

எங்கடா அவ. காட்டுடா. காசு கொடுத்திருக்கோம்.

லாமிலே பயந்தாள். ஆனாலும் கை தாழ்ப்பாளைத் தேடியது. அன்று அப்பா தொட்ட இரும்பு. சூடாக இருந்தது.

திறந்தாள்.

கூரையில்லாத கொட்டகை. நீல வெளிச்சம். வரிசை வரிசையாகத் தலைகள். எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

விசில் நின்றது.

அவளுக்குப் பின்னால், சாக்குத் துணியில், அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். லாமிலேயின் மோவாயிலிருந்து வாசற்படியில் ஒரு துளி விழுந்தது. சிவப்பு. இன்னொன்று.

முன் பெஞ்சில் இருந்தவர்கள்தான் முதலில் எழுந்து ஓடப் பார்த்தார்கள்.